பிறந்தநாளுக்கு முந்தைய நாள்

படிக்கும் முன் பேசுவோம்

உங்கள் தமிழ் ஆசிரியரை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? டீச்சர் என்றா, மிஸ் என்றா, ஆசிரியர் அவர்களே என்றா? அவர் உங்களை 'நீ' என்கிறாரா, 'நீங்கள்' என்கிறாரா? அவருடைய பிறந்தநாள் என்றைக்கு என்று உங்களுக்குத் தெரியுமா? பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிட்டுப் பாடத்துக்கு வாருங்கள்.

நிலாவுக்கு 11 வயது. ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரில் வசிக்கிறாள். சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அவளுடைய சித்தி கயல்விழி, மதுரையிலிருந்து மேல்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போயிருக்கிறார். சித்தி நிலாவுக்கு எழுதிய கடிதம் இது.

---

ஃப்ரைபுர்க், ஜெர்மனி
ஜூன் 15

அன்புள்ள நிலாக்குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "ல, ள, ழ மூணும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது, தமிழ் ஸ்கூலை விட்டுடலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருந்தாய். உடனே பதில் எழுத நினைத்தேன், முடியவில்லை. எனக்கும் இங்கே ஒரு மொழி வகுப்பு இருந்தது. அதன் கடைசி வாரத்தில் ஒரு பெரிய குழப்பம். அதைச் சொன்னால்தான் தாமதத்துக்குக் காரணம் புரியும்.

நான் இருக்கும் ஊர் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. நம் ஊர் பேக்கரியில் பிளாக் ஃபாரஸ்ட் கேக் வாங்குவோமே, அந்தக் காடு இந்த ஊரை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஊர் நடுவில் மியூன்ஸ்டர் என்ற பழைய பெரிய தேவாலயம். அதன் கோபுரம் 116 மீட்டர் உயரம். தெருக்களின் ஓரத்தில் சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடும். அவற்றுக்குப் 'பெஹ்லெ' என்று பெயர். தெரியாமல் அதில் கால் வைத்தவர்கள் இந்த ஊர்க்காரரைத்தான் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் ரொம்பக் கவனமாகத்தான் நடக்கிறேன்!

ஏப்ரல் மாதம் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். மொத்தம் 11 பேர். பிரேசிலிலிருந்து லூகாஸ், சிரியாவின் அலெப்போ நகரத்திலிருந்து ஹனான் அக்கா, வியட்நாமிலிருந்து லின் என்று பல ஊர்க்காரர்கள். ஆசிரியை ஒரே ஒருவர். வெள்ளைத் தலைமுடி, சைக்கிள், எப்போதும் கையில் ஒரு சாக்கட்டி.

முதல் நாள் நான் வழக்கப்படி, "டீச்சர், ஒரு சந்தேகம்" என்றேன். வகுப்பே சிரித்தது. இங்கே அப்படிக் கூப்பிடும் பழக்கம் இல்லை. அவர் சொன்னார்:

"என் பேரு ஷ்னைடர். நீங்க என்னை ஃப்ரௌ ஷ்னைடர்னு கூப்பிடலாம்."

ஃப்ரௌ என்றால் திருமதி மாதிரி. ஷ்னைடர் என்பது குடும்பப் பெயர். அதற்குத் தையல்காரர் என்று பொருள். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா! எனக்கு நாக்கே எழவில்லை. அவர் எங்களை 'நீங்க' என்று சொன்னது அதைவிடக் கூச்சமாக இருந்தது. ஜெர்மன் மொழியிலும் நம் மொழியைப் போலவே இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'டூ' என்றால் நீ. 'ஸீ' என்றால் நீங்கள். பெரியவர்கள் படிக்கும் வகுப்பில் ஆசிரியரும் 'ஸீ' என்றுதான் சொல்வார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உன் தாத்தா பெயர் இருக்கிறது. அதனால் இரண்டரை மாதமும் வகுப்பில் என் பெயர் என்ன தெரியுமா? திருமதி முருகேசன்! ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் தாத்தா எனக்குப் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

ஏப்ரல் கடைசியில் முதல் தேர்வு வந்தது. எழுத்தில் நல்ல மதிப்பெண். பேச்சுத் தேர்வில் நான் வாயே திறக்கவில்லை. சொற்கள் எல்லாம் தெரியும், ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். தேறவில்லை. அன்று மாலை, வகுப்பை விட்டுவிடுவதாக ஒரு மின்னஞ்சல் எழுதிவிட்டேன். பதிலாக ஒரே ஒரு வரி வந்தது. "சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு மியூன்ஸ்டர் சந்தைக்கு வாருங்கள், பை கொண்டுவாருங்கள்."

தேவாலயத்தைச் சுற்றி ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் சந்தை கூடும். வடக்குப் பக்கத்தில் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தாங்கள் விளைவித்ததைக் கொண்டுவந்து விற்பார்கள். ஃப்ரௌ ஷ்னைடர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்.

"இதில இருக்கிறதை எல்லாம் நீங்களே கேட்டு வாங்கிட்டு வாங்க. நான் அந்தப் பக்கம் காபி குடிச்சிட்டு இருப்பேன். சனிக்கிழமை எல்லாம் நான் இங்கதான் இருப்பேன், எனக்கு அவசரமே இல்லை."

சீட்டில் முதலில் இருந்தது 'ஒரு கட்டு சிவப்பு முள்ளங்கி'. முள்ளங்கிக்கு ஜெர்மன் மொழியில் 'ராடீஸ்ஷென்'. அந்தக் கடைக்காரப் பாட்டி முன்னால் நின்று ஆறு முறை சொன்னேன். ஆறும் தப்பு. ஏழாவது முறை பாட்டி முள்ளங்கிக் கட்டைத் தூக்கிக் காட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து சொல்லிக் காட்டினார். எட்டாவது முறை வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு, தேன், முட்டை எல்லாம் வாங்கிவிட்டேன்! நான் எழுதிய மின்னஞ்சலைப் பற்றி ஃப்ரௌ ஷ்னைடர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அதனால்தான் அவருடைய பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று நான் துடித்தேன். தேதிகளைச் சொல்லிப் பழகிய பாடத்தில் அவரே ஒருமுறை, "என் பிறந்தநாள் ஜூன் 14" என்று சொல்லியிருந்தார். நாட்காட்டியைப் பார்த்தேன். ஜூன் 14 சனிக்கிழமை. எங்கள் கடைசி வகுப்பு ஜூன் 13, வெள்ளிக்கிழமை. ஒரு நாள்தானே வித்தியாசம்! கடைசி வகுப்பிலேயே கொண்டாடிவிடலாம் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆளுக்கு 3 யூரோ போட்டோம். பூவும் வாழ்த்து அட்டையும் வாங்குவது லின் வேலை. பாட்டு லூகாஸ். கேக் என் பொறுப்பு.

இந்த ஊர் பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில் செர்ரிப் பழத்திலிருந்து வடித்த மதுவைச் சேர்ப்பார்கள். ஹனான் அக்கா அதைச் சாப்பிட மாட்டார். சரி, நாமே ஏதாவது செய்வோம் என்று கேசரி செய்ய முடிவு செய்தேன். வியாழக்கிழமை இரவு ரவையை வறுத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்து அறையில் இருக்கும் அன்னா, வாசம் பிடித்து அடுப்படிக்கு வந்தாள். அவள் ஜெர்மன் பெண்.

"யாருக்கு இது?"

"எங்க டீச்சருக்கு. சனிக்கிழமை அவங்க பிறந்தநாள். நாளைக்கே வகுப்பில கொண்டாடப் போறோம்."

அன்னாவின் முகம் மாறிவிட்டது.

"நாளைக்கா? வேண்டாம் கயல்! பிறந்தநாளுக்கு முன்னாடி வாழ்த்தவே கூடாது. கெட்டது நடக்கும்னு சொல்வாங்க. ஒரு நாள் கழிச்சு வாழ்த்து, ஒரு வாரம் கழிச்சுக்கூட வாழ்த்து. முன்னாடி மட்டும் கூடாது. அதுவும் நாளைக்கு 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை வேற!"

கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன், ரவை கொஞ்சம் தீய்ந்துவிட்டது. குழுவில் எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். அப்போது இரவு 10 மணி. லூகாஸ், "அதெல்லாம் மூடநம்பிக்கை, நாளைக்கே கொண்டாடுவோம்" என்றான். இன்னும் சிலரும் அப்படியே சொன்னார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் ஆசை. நாளையை விட்டால் அவரை எங்கே பார்ப்பது? வீட்டு முகவரி தெரியாது. தெரிந்தாலும் இங்கே சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். ஹனான் அக்கா மட்டும் ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"நமக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ, பிறந்தநாள் நமக்கா? அவங்களுக்குத்தானே! அவங்க மனசு ஒரு நிமிஷம் சங்கடப்பட்டாலும் நாம செய்றதுக்கு என்ன அர்த்தம்?"

குழுவில் யாரும் பேசவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தை ஞாபகம் வந்தது. சனிக்கிழமை எல்லாம் நான் இங்கதான் இருப்பேன் என்று சொன்னாரே! பிறந்தநாள் அன்றும் வருவாரா? தெரியாது. வராவிட்டால் எல்லாம் போச்சு. "சனிக்கிழமை, முள்ளங்கிக் கடை, ஒன்பதரை மணி" என்று ஜெர்மன் மொழியில் எழுதி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கிறதே, அதைப் போல ஒரு நீளமான வகுப்பை நான் பார்த்ததே இல்லை. யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. வகுப்பு முடியப் போகும் நேரம், லூகாஸ் பழக்கதோஷத்தில் எழுந்து, "ஃப்ரௌ ஷ்னைடர், உங்களுக்கு எங்க எல்லாருடைய..." என்று ஆரம்பித்துவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தமாகக் குறுக்கே பேசினேன்.

"ஃப்ரௌ ஷ்னைடர்! மேசை ஏன் ஆண்பால்?"

"ரெண்டரை மாசமா இதையேதான் கேக்கிறீங்க, ஃப்ரௌ முருகேசன்" என்று அவர் சிரித்தார். எல்லாருக்கும் கை கொடுத்து விடை கொடுத்தார். நான் கடைசி ஆள். அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏதாவது சொல்ல மறந்துட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

நிலா, அந்த 'இல்லை' என் தொண்டையில் முள் மாதிரி நின்றது. மற்ற வகுப்பு மாணவர்கள் தங்கள் ஆசிரியருக்குக் கடைசி நாளில் நன்றி அட்டை கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். எங்கள் ஆசிரியை வெறும் கையோடு சைக்கிளில் ஏறிப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

சனிக்கிழமை 9 மணிக்கே சந்தைக்குப் போய்விட்டேன். எவர்சில்வர் டப்பாவில் கேசரி, அதன்மேல் ஒரு துண்டு சுற்றியிருந்தது. 11 பேரில் 7 பேர் வந்துவிட்டார்கள். பூ கொண்டுவர வேண்டிய லின்னைக் காணோம். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. கோபுர மணி அடித்தது. ஃப்ரௌ ஷ்னைடரையும் காணோம். முள்ளங்கிப் பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டு இருந்தார். வியாபாரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறோமே! விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்கூடத் திக்கவில்லை. பாட்டி, "அந்தச் சைக்கிள் அம்மாவா? வருவாங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

பத்தேகால் மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது? எல்லாருக்கும் இன்னைக்கு முள்ளங்கி வேணுமா?"

லூகாஸ் பாட ஆரம்பித்தான். மெட்டு ஒன்றுதான், அவரவர் மொழியில் அவரவர் பாடினோம். நான் தமிழில். ஹனான் அக்கா அரபியில். பாட்டியும் பக்கத்துத் தேன் கடைக்காரரும் ஜெர்மன் மொழியில். கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் ஃப்ரௌ ஷ்னைடர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து நீங்க எல்லாரும் முகத்தை ஒரு மாதிரி வெச்சிட்டு இருந்தீங்க. நான் எதையோ சரியா நடத்தலை போலன்னு ராத்திரி பூரா யோசிச்சிட்டு இருந்தேன்."

காரணத்தைச் சொன்னோம். பெரிதாகச் சிரித்தார்.

"எனக்கு அதில எல்லாம் நம்பிக்கை இல்லை" என்றார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "ஆனா எங்க அம்மாவுக்கு உண்டு. யாராச்சும் முதல் நாளே வாழ்த்தினா காதைப் பொத்திக்குவாங்க. நீங்க நேத்து சொல்லாததும் நல்லதுதான்" என்றார்.

டப்பாவைத் திறந்து கேசரியின் நடுவில் மெழுகுவத்தியைக் குத்தினோம். ஹனான் அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது எங்க ஊர் மாமூனியா!" என்று கத்திவிட்டார். அலெப்போவில் ரவையை நெய்யில் வறுத்து, சர்க்கரைப் பாகு ஊற்றிக் காலை உணவாகச் சாப்பிடுவார்களாம். எங்கேயோ இருக்கும் இரண்டு ஊர், ஒரே ரவை!

சரியாகப் பத்தரைக்கு லின் ஓடி வந்தாள், கையில் பூங்கொத்து. "நான் கரெக்ட் டைமுக்கு வந்துட்டேன்ல?" என்றாள். ஜெர்மன் மொழியில் ஒன்பதரை மணியை 'ஹால்ப் ட்ஸேன்' என்பார்கள். அதாவது 'பாதி பத்து'. பத்தாவது மணியில் பாதி ஆகியிருக்கிறது என்று கணக்கு. லின் அதைப் பத்தும் பாதியும் என்று எடுத்துக்கொண்டாள். முதல் மாதம் நானும் இதில் ஏமாந்தவள்தான். ஓடி வந்த வேகத்தில் பக்கத்துத் தெரு வாய்க்காலில் கால் வைத்திருக்கிறாள். ஒரு ஷூ முழுக்க ஈரம். "உங்களுக்கு இந்த ஊர் மாப்பிள்ளைதான், மாத்தவே முடியாது" என்றார் ஃப்ரௌ ஷ்னைடர்.

பூவைக் கொடுக்கப் போனபோது பாட்டி தடுத்தார். சுற்றியிருக்கும் தாளை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமாம். பிறகு எண்ணிப் பார்த்தார். ஒன்பது. "சரி" என்று தலையாட்டினார். பூவை ஒற்றைப்படையில் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். நம் ஊரில் 100 ரூபாய் மொய் வைக்காமல் 101 வைப்போமே, அது நினைவுக்கு வந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எல்லாரும் கிளம்பும் நேரத்தில் ஃப்ரௌ ஷ்னைடர் சொன்னார்:

"வகுப்பு முடிஞ்சு போச்சு. இனிமே நான் உங்க ஆசிரியை இல்லை. நாம 'டூ' சொல்லிக்கலாம். என் பேரு ரெனாட்டெ."

அன்னா எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். இங்கே 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாறலாம் என்று வயதில் மூத்தவர்தான் சொல்ல வேண்டும். அது பெரிய அன்பு. அதை ஏற்காமல் 'நீங்கள்' என்றே பேசினால் அவரைத் தள்ளி நிறுத்துவது போல ஆகிவிடும். லூகாஸ் உடனே, "நன்றி, ரெனாட்டெ!" என்றான். லின்னும் சொன்னாள். என் முறை வந்தது.

நிலா, உன் தமிழ் டீச்சரைப் பேர் சொல்லி, 'நீ' என்று உன்னால் கூப்பிட முடியுமா? என்னாலும் முடியவில்லை. ஆனால் முடியாது என்று சொன்னால் அவர் மனம் வருந்தும். இரண்டு ஊர் மரியாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன். பேச்சுத் தேர்வில் நின்றேனே, அதே மாதிரி. அவர் காத்துக்கொண்டே இருந்தார், அவசரமே இல்லாமல். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"டூ... டீச்சர்."

முதல் நாள் சிரித்த அதே வகுப்பு. இன்று யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் குனிந்து, "அந்த டீச்சர்ங்கிற சொல்லுக்கு உங்க ஊர்ல என்ன அர்த்தம்? ஆசிரியர்ங்கிறது மட்டும் இல்லை போலிருக்கே" என்று கேட்டார். அதாவது, "உன் ஊர்ல" என்று கேட்டார். எனக்கு ஜெர்மன் மொழியில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"சரி, யோசிச்சு சொல்லு, கயல்விழி" என்றார்.

தாத்தா பெயர் இல்லை, என் பெயர்! அதுவும் 'ழி'. 'கயல்விலி' இல்லை. நாக்கை மடித்து, கொஞ்சம் கஷ்டப்பட்டு, சரியாகவே சொன்னார். எப்படி என்று கேட்டேன். இணையத்தில் ஒலிப்பதிவு தேடி, கண்ணாடி முன்னால் நின்று பழகினாராம். "மூணு வாரம் ஆச்சு. உன்னுடைய முள்ளங்கியைவிட ரொம்பக் கஷ்டம்" என்றார்.

அதனால் நீ ழகரம் வரவில்லை என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அடுத்த முறை வீடியோவில் பேசும்போது கண்ணாடியைக் கொண்டு வா, நானும் கொண்டு வருகிறேன். நீ 'ழ' சொல்லு, நான் 'ராடீஸ்ஷென்' சொல்கிறேன்.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கயல் சித்தி

பின்குறிப்பு: உன் அம்மா கட்டாயம் கேட்பாள், அதனால் சொல்லிவிடுகிறேன். இங்கே நெய் தேடி அலைய வேண்டியதில்லை. 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்று ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கிறது. உருக்கி எடுத்த வெண்ணெய்தான். ரவைக்கு 'க்ரீஸ்' என்று பெயர். முள்ளங்கிப் பாட்டி கேசரி செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார். பதிலுக்கு இரண்டு கட்டு முள்ளங்கி. சாம்பார் வைக்கலாம் என்று பார்த்தால் புளி இல்லை!

---

சொல் அறிவோம்

சீட்டு – எழுதிய சிறு தாள்
தீய்ந்துவிட்டது – அடிப்பிடித்துக் கருகிவிட்டது
சொல்லாமல் கொள்ளாமல் – முன்கூட்டித் தெரிவிக்காமல்
பழக்கதோஷம் – யோசிக்காமல் பழக்கத்தால் செய்வது
தூக்கிவாரிப் போட்டது – திடீரென்று அதிர்ச்சியாக இருந்தது
நாக்கு எழவில்லை – சொல்ல மனம் வரவில்லை
ஒற்றைப்படை – 1, 3, 5, 7, 9 போன்ற எண்கள்
மொய் – திருமணம் போன்ற விழாக்களில் கொடுக்கும் அன்பளிப்புப் பணம்

மேசை ஏன் ஆண்பால்?

கயல் சித்தி கேட்ட கேள்வி வேடிக்கையாக இருந்தாலும், அது நல்ல கேள்விதான். ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால், பெண்பால், இரண்டும் இல்லாத பால் என்று மூன்றில் ஒன்றில் சேரும். மேசை ஆண்பால். விளக்கு பெண்பால். புத்தகம் இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடையாது, மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

தமிழில் அப்படி இல்லை. பொருளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மனிதர்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. மேசை, விளக்கு, புத்தகம் எல்லாம் 'அது'தான். மேசை உடைந்தது, விளக்கு எரிந்தது என்கிறோம். இந்த வகையில் தமிழ் படிக்கும் உங்களுக்கு வேலை குறைவு.

இன்னொரு செய்தி. ஜெர்மன் மொழியில் 'சிறுமி' என்ற சொல் பெண்பால் இல்லை, 'அது' வகை! அந்தச் சொல் 'ஷென்' என்று முடிகிறது. சின்னது, செல்லமானது என்று காட்ட அந்த விகுதியைச் சேர்ப்பார்கள். அப்படி முடியும் சொற்கள் எல்லாம் 'அது' வகைதான். சித்தியைத் திண்டாட வைத்த 'ராடீஸ்ஷென்' எந்த வகை என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். சிறுமியை அது என்பதா என்று சிரிக்க வேண்டாம். 'குழந்தை அழுகிறது' என்று நாமும்தானே சொல்கிறோம்?

பிறந்தநாள் கொண்டாடுபவரை ஜெர்மன் மொழியில் 'பிறந்தநாள் குழந்தை' என்பார்கள். 80 வயதுத் தாத்தா ஆனாலும் அன்று அவர் குழந்தைதான். வேலை செய்யும் இடத்தில் பிறந்தநாள்காரரே கேக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிறந்தநாள் குழந்தை வண்ண உடை போட்டுக்கொண்டு வகுப்பில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுக்கும். உங்கள் பள்ளியில் எப்படி?

பேச்சில் – எழுத்தில்

கடிதத்தில் கதை சொல்லும் இடங்கள் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. ஆட்கள் பேசும் இடங்கள் பேச்சுத் தமிழில் இருக்கின்றன. வீட்டில் நீங்கள் கேட்பது இரண்டாவது வகை. அது தப்பான தமிழ் இல்லை, பேசுவதற்கான தமிழ்.

நேத்து – நேற்று
ரெண்டரை மாசமா – இரண்டரை மாதமாக
கேக்கிறீங்க – கேட்கிறீர்கள்
முகத்தை வெச்சிட்டு இருந்தீங்க – முகத்தை வைத்துக்கொண்டு இருந்தீர்கள்
ராத்திரி பூரா – இரவு முழுவதும்
யாராச்சும் – யாராவது

கீழே உள்ளவற்றை எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.

1. நாளைக்கே வகுப்பில கொண்டாடப் போறோம்.
2. முன்னாடி மட்டும் கூடாது.
3. நீங்களே கேட்டு வாங்கிட்டு வாங்க.
4. வகுப்பு முடிஞ்சு போச்சு.
5. நாம செய்றதுக்கு என்ன அர்த்தம்?

வாய் திறந்து படிப்போம்

கண்ணாடி முன்னால் நின்று மெதுவாக மூன்று முறை சொல்லுங்கள். முதலில் நாக்கின் நுனி மேல்பல்லின் பின்னால் தொடட்டும், அது 'ல'. நாக்கை மேலே மடித்து அண்ணத்தைத் தொடட்டும், அது 'ள'. மடித்த நாக்கு எதையும் தொடாமல் நிற்கட்டும், அது 'ழ'.

வால் – வாள் – வாழ்
விலா – விளா – விழா
அலகு – அளகு – அழகு
கயல்விழி வெள்ளிக்கிழமை வாழ்த்தவில்லை.

விடை சொல்லுங்கள்

1. கயல் சித்தியை வகுப்பில் ஏன் 'ஃப்ரௌ முருகேசன்' என்று கூப்பிட்டார்கள்?
2. பேச்சுத் தேர்வில் தேறாத கயலை ஆசிரியை ஏன் சந்தைக்கு வரச் சொன்னார்?
3. ஹனான் அக்கா சொன்னதையும் லூகாஸ் சொன்னதையும் உங்கள் சொற்களில் சொல்லுங்கள். நீங்கள் அந்தக் குழுவில் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்?
4. லின் ஏன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள்?
5. "உங்க ஊர்ல" என்று தொடங்கிய ஆசிரியை "உன் ஊர்ல" என்று மாற்றிக்கொண்டார். அந்த இடத்தில் என்ன நடந்தது?

இரண்டு பேராக நடியுங்கள்

அன்னாவும் கயலும் அடுப்படியில் பேசும் காட்சியை முதலில் புத்தகத்தில் உள்ளபடி நடியுங்கள். பிறகு அதே காட்சியை, அன்னாவுக்குப் பதில் அன்னாவின் பாட்டி வந்து பேசுவது போல மாற்றுங்கள். 'நீ' எங்கெல்லாம் 'நீங்கள்' ஆகிறது என்று கவனியுங்கள்.

எழுதுங்கள்

'டீச்சர்' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்ட ரெனாட்டெவுக்குக் கயல் சித்தி இன்னும் பதில் சொல்லவில்லை. நிலா உதவி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நிலாவின் பெயரில் சித்திக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இப்படித் தொடங்கலாம்:

அன்புள்ள சித்திக்கு,
கண்ணாடி எடுத்து வெச்சிட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி எங்க தமிழ் டீச்சரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்...